ரெகுலர் கஸ்டமரை வெறுப்பேற்றுவது எப்படி

அமெரிக்காவில் இருபது வருடங்களுக்கு மேலாக விற்பனையில் முதலிடத்தில் இருந்த ஒரு பீர், இரண்டே மாதத்தில் அந்த இடத்தைப் பறிகொடுத்தது. விலையை ஏற்றவில்லை, ருசியை மாற்றவில்லை, பாட்டிலுக்குள் பூச்சி கிடந்தது என்று யாரும் புகார் கொடுக்கவும் இல்லை. ஒரே ஒரு இன்ஸ்டாகிராம் வீடியோ. பட் லைட் கதையை ஏற்கெனவே நிறையப் பேர் எழுதித் தீர்த்துவிட்டார்கள். பாதிப் பேர் "கம்பெனிக்காரன் அரசியல் பேசினால் இப்படித்தான்" என்று முடித்தார்கள், மீதிப் பேர் "வெறுப்பு ஜெயித்துவிட்டது" என்று முடித்தார்கள். எனக்கு இரண்டுமே முழுசாக ஒட்டவில்லை. நான் கொஞ்ச காலம் மதுரைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு லைன் போனவன், கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் எடுத்தவன். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த விவகாரத்தில் வேறு சில விஷயங்கள்தான் முதலில் தெரிகின்றன.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரல் 1. டிலன் மல்வேனி என்ற திருநங்கை, டிக்டாக்கில் பிரபலமானவர், தான் பெண்ணாக வாழத் தொடங்கி ஒரு வருடம் ஆனதை அப்போதுதான் கொண்டாடியிருந்தார். அதற்காக பட் லைட் அவர் முகம் அச்சடித்த கேன் ஒன்றை அவருக்கு அனுப்பியது. அவர் அதைக் காட்டி, கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியை ஒட்டி கம்பெனி நடத்திய ஒரு பரிசுப் போட்டியைப் பற்றி ஒரு சின்ன வீடியோ போட்டார். அந்தக் கேன் கடைக்கு வரவே இல்லை, அவருக்கென்று தனியாகச் செய்தது. டிவியில் விளம்பரம் இல்லை, ரோட்டோரப் போர்டு இல்லை. இந்த மாதிரி வீடியோக்கள் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வரும், போகும்.

இரண்டு மூன்று நாளில் கிட் ராக் என்ற பாடகர் பட் லைட் பெட்டிகளை அடுக்கிவைத்துத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளும் வீடியோவை வெளியிட்டார். அதுவரை பலருக்கு முதல் வீடியோ பற்றியே தெரியாது, இந்தச் சூட்டுக்குப் பிறகுதான் தேடிப்போய்ப் பார்த்தார்கள். (அதே மனிதர் அதே வருடம் ஆகஸ்டில் நாஷ்வில்லில் ஒரு கச்சேரியில் கையில் பட் லைட் கேனோடு நிற்கும் படமும் வெளியானது. அது தனிக் கூத்து.)

ஆனால் என் கணக்கில் உண்மையான சேதம் துப்பாக்கியால் வந்தது இல்லை. அந்த பிராண்டின் மார்க்கெட்டிங் தலைவியாக இருந்த அலிசா ஹைனர்ஷைட், வீடியோவுக்குச் சற்று முன்னால் ஒரு பாட்காஸ்டில் பேசியிருந்தார். பிராண்ட் ரொம்ப நாளாகச் சரிந்துகொண்டிருக்கிறது, இளைஞர்கள் வராவிட்டால் எதிர்காலமே இல்லை என்றார். அது உண்மைதான், லைட் பீர் விற்பனை பல வருடங்களாக இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய விளம்பரங்களின் நகைச்சுவை காலேஜ் ஹாஸ்டல் பையன்கள் அடிக்கும் கூத்து மாதிரி, காலத்துக்கு ஒவ்வாதது என்கிற அர்த்தத்திலும் பேசிவிட்டார். வீடியோ வெடித்ததும் யாரோ இதைத் தோண்டி எடுத்துப் போட்டார்கள். அந்த விளம்பரங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் யார்? அந்த பீரை இருபது வருடமாக வாங்கிக்கொண்டிருந்தவர்கள்தான். "உன்னை வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்று அவர்கள் காதில் விழுந்திருக்கும். ஒரு திருநங்கைக்கு கேன் கொடுத்ததை இரண்டு வாரத்தில் மறந்திருக்கக்கூடியவன்கூட இதை மறக்க மாட்டான்.

அடுத்தது இன்னும் மோசம். ஏப்ரல் 14 அன்று கம்பெனியின் அமெரிக்கப் பிரிவின் தலைமை அதிகாரி பிரெண்டன் விட்வொர்த் ஒரு அறிக்கை விட்டார். மக்களைப் பிரிக்கும் விவாதத்தில் பங்கெடுப்பது எங்கள் நோக்கமே இல்லை, பீரை வைத்து மக்களை ஒன்றுசேர்ப்பதுதான் எங்கள் தொழில் என்கிற ரகத்தில். மல்வேனி பெயர் அதில் கிடையாது. மன்னிப்பா என்றால் மன்னிப்பு இல்லை, ஆதரவா என்றால் ஆதரவும் இல்லை. கோபமாக இருந்தவர்கள் "மழுப்புகிறான்" என்றார்கள். மறுபக்கம் சிகாகோவில் சில ஓரினச் சேர்க்கையாளர் பார்கள் அந்தக் கம்பெனியின் சரக்கையே நிறுத்தின. பால்புதுமையினர் உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் கேம்பைன் அவர்களுக்குக் கொடுத்திருந்த முழு மதிப்பெண்ணை நிறுத்திவைத்தது. மல்வேனி ஜூன் கடைசியில் ஒரு வீடியோவில், இத்தனை மிரட்டல்களுக்கு நடுவிலும் கம்பெனியிலிருந்து ஒருவர்கூடத் தன்னைக் கூப்பிட்டுப் பேசவில்லை என்றார். ஒரு திருநங்கையை வேலைக்கு எடுத்துவிட்டு வெளிப்படையாக அவர் பக்கம் நிற்காமல் இருப்பதற்கு, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு அதில் மறுபேச்சு இல்லை.

சரி, எவ்வளவு அடி? ஜூன் 3-ஆம் தேதியோடு முடிந்த நான்கு வார கடை விற்பனையில் மெக்சிகோ பீரான மொடெலோ எஸ்பெஷலின் பங்கு 8.4 சதவீதம், பட் லைட் 7.3 சதவீதம். முதலிடம் போயே போய்விட்டது. பட் லைட்டின் சொந்தக்காரரான ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ் கம்பெனியின் அமெரிக்க வருமானம் அந்தக் காலாண்டில் 10.5 சதவீதம் குறைந்தது. மொடெலோ யாருடையது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. உலகம் பூராவும் அது ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ்வின் சரக்குதான், அமெரிக்காவில் மட்டும் கிடையாது. 2013-இல் அவர்கள் மொடெலோ குழுமத்தை வாங்கியபோது போட்டியே இல்லாமல் போய்விடும் என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டு, அந்த நாட்டு உரிமையை மட்டும் கான்ஸ்டலேஷன் பிராண்ட்ஸுக்கு விற்க வைத்தது. தன் பீர் தன்னையே தோற்கடித்தது, லாபம் அடுத்தவன் கல்லாவில்.

புறக்கணிப்பு என்ற சத்தம் பெரும்பாலும் ஒரு மாதத்தில் அடங்கிவிடும். இது ஏன் அடங்கவில்லை? லைன் போனவனாக என் பதில்: கடையில் பக்கத்து ரேக்கில் அதே விலையில் கூர்ஸ் லைட்டும் மில்லர் லைட்டும் இருந்தன. அவ்வளவுதான். இந்த மூன்று பீரையும் கண்ணைக் கட்டிவிட்டுக் குடிக்கக் கொடுத்தால் எது எதுவென்று அநேகம் பேரால் சொல்ல முடியாது. இருபது வருட விசுவாசம் என்று கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது பாதிக்கு மேல் வெறும் கைப்பழக்கம். அதோடு பீர் என்பது நாலு பேர் முன்னால் கையில் பிடித்துக் குடிக்கிற பொருள். வீட்டு அலமாரிக்குள் இருக்கிற மிளகாய்த்தூள் எந்த பிராண்ட் என்று யாரும் பார்க்கப் போவதில்லை. கையில் பட் லைட் இருந்தால் பக்கத்து டேபிள்காரன் கிண்டல் பண்ணுவான். அரசியலே இல்லாத ஆள்கூட "எதற்கு வம்பு" என்று வேறு கேனை எடுப்பான். எடுத்தவனுக்கு அதுவும் பழகிவிடும்.

இந்தப் பழக்கம் விட்டுப்போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். செல்லூரில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி, எங்கள் சோப்பை வாரத்துக்கு இரண்டு பெட்டி எடுப்பவர். எங்கள் கம்பெனிக்கும் (பெயர் வேண்டாம்) ஸ்டாக்கிஸ்டுக்கும் ஏதோ ஸ்கீம் பணத்தில் தகராறு வந்து மூன்று வாரம் சரக்கு இறங்கவில்லை. அரசியல் இல்லை, கொள்கை இல்லை, வெறும் பில் தகராறு. மறுபடி சரக்கோடு போய் நின்றால் அண்ணாச்சி பெட்டியைத் தொடவே இல்லை. "ஆளுங்க இப்ப அந்த மஞ்சள் கவருக்கு மாறிட்டாங்க தம்பி, நீ அரை பெட்டி வச்சிட்டுப் போ, மூவிங் இருந்தா சொல்லி அனுப்புறேன்" என்றார். சொல்லி அனுப்பவே இல்லை. வாடிக்கைக்காரர்கள் யாரும் எங்கள் மேல் கோபப்படவில்லை, கடிதம் எழுதவில்லை. வேறொன்றை இரண்டு தடவை வாங்கினார்கள், அது நன்றாகத்தான் இருந்தது. பட் லைட்டுக்கு நடந்தது இதேதான், சத்தம் மட்டும் கூடுதல்.

கூர்ஸ் லைட்டுக்குப் போனவர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1970-களில் ஓரினச் சேர்க்கையாளர்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து புறக்கணித்த பீர் கூர்ஸ். சான் பிரான்சிஸ்கோவில் ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காகப் போராடிய ஹார்வி மில்க், லாரி ஓட்டுநர் சங்கத்தோடு கைகோத்து பார் பாராக அதை இறக்க வைத்தார். அந்தப் புறக்கணிப்பு வருடக்கணக்கில் இழுத்தது. கம்பெனி மெதுவாக மாறி, 1995-இல் ஊழியர்களின் ஒரே பாலினத் துணைகளுக்கும் சலுகைகள் கொடுத்தது. பிறகு டென்வரில் பால்புதுமையினர் நடத்தும் பெருமித (பிரைட்) ஊர்வலத்துக்கே கூர்ஸ் லைட் பெயர் வைக்கும் அளவுக்கு ஸ்பான்சர் செய்தது. 2023-இல் பட் லைட்டைக் கோபமாகத் தூக்கி எறிந்துவிட்டுக் கூர்ஸ் லைட்டை எடுத்தவர்கள் இதையெல்லாம் விசாரிக்கவில்லை. கூர்ஸ் இருபது முப்பது வருடமாக அதே இடத்தில் நின்றதால் அது யாருக்கும் செய்தியாகவும் இல்லை.

டார்கெட் கதையில் திசை நேர் எதிர். மினியாபொலிஸில் தலைமையகம் உள்ள கடைச் சங்கிலி. அதே ஊரில்தான் 2020 மே மாதம் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை வைத்துக் கொன்றார். அதற்குப் பிறகு கறுப்பின மக்கள் நடத்தும் தொழில்களில் 2025 முடிவதற்குள் 200 கோடி டாலருக்கு மேல் செலவழிப்போம் என்று டார்கெட் அறிவித்தது. கறுப்பினக் குடும்பங்கள் பலர் "நம்ம கடை" என்று நம்பிப் போனார்கள். நடுவில் 2023-இல் பெருமித மாதத் துணிமணிகளை எதிர்த்துக் கடைக்குள் ஊழியர்களை மிரட்டினார்கள் என்று சில சரக்குகளை எடுத்துவிட்டது, அந்தக் காலாண்டில் ஒப்பீட்டு விற்பனை (புதுக் கடைகளைச் சேர்க்காமல் போன வருடத்தோடு ஒப்பிடுவது) 5.4 சதவீதம் சரிந்தது. 2025 ஜனவரி 24, டிரம்ப் பதவியேற்று நான்கே நாளில், வேலையில் எல்லாத் தரப்பினருக்கும் இடம் கொடுக்கும் பன்முகத்தன்மை இலக்குகளை முடித்துக்கொள்கிறோம் என்று அறிவித்துவிட்டது. ஜார்ஜியாவில் ஜமால் பிரையன்ட் என்ற போதகர், தவக்காலத்தில் நாற்பது நாள் "டார்கெட் விரதம்" இருக்கச் சொன்னார். இறைச்சியை விடுவது போல டார்கெட்டை விடுவது! அடுத்த காலாண்டில் ஒப்பீட்டு விற்பனை 3.8 சதவீதம் குறைந்தது. இறக்குமதி வரி பயம், மக்கள் செலவைச் சுருக்கியது என்று வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் ஜனவரி அறிவிப்பும் ஒரு காரணம் என்று தலைமை அதிகாரி பிரையன் கார்னலே ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் அவர் பதவி விலகப்போகும் செய்தி வந்தது.

இதே ஜனவரியில் காஸ்ட்கோ என்ற இன்னொரு கடைச் சங்கிலியில் சில பங்குதாரர்கள் பன்முகத்தன்மைக் கொள்கையால் கம்பெனிக்கு என்ன ஆபத்து என்று அறிக்கை கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 98 சதவீதத்துக்கு மேல் எதிர்த்து ஓட்டு. கதை முடிந்தது. காஸ்ட்கோ அதற்காகத் தம்பட்டம் அடிக்கவும் இல்லை.

கட்சி, கொள்கை பேதம் இல்லாமல் இதே சங்கதியைப் பார்க்க வேண்டுமென்றால் சிக்-ஃபில்-ஏ என்ற கோழி உணவகச் சங்கிலி. 2012-இல் அதன் தலைவர் டான் கேத்தி ஒரே பாலினத் திருமணத்துக்கு எதிராகப் பேசினார். நாடு முழுக்க எதிர்ப்பு. ஆகஸ்ட் 1 அன்று ஆதரவாளர்கள் திரண்டு வரிசையில் நின்று கோழி வாங்கியதில் அன்றைக்கு விற்பனைச் சாதனை. 2018-இல் நைக்கி, இனவெறிக் கொடுமைகளை எதிர்த்து தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக்கை விளம்பர முகமாக்கியது. ஷூவைக் கொளுத்தி வீடியோ போட்டார்கள் (காசு கொடுத்து வாங்கிய ஷூவை). விற்பனை விழவில்லை, ஏறியது. இரண்டும் எதிரெதிர் அரசியல். ஆனால் இரண்டு கம்பெனிக்கும் தன் கடை வாசலில் நிற்பவன் யார் என்று தெரிந்திருந்தது, இரண்டும் மறுவாரம் பல்டி அடிக்கவில்லை. டான் கேத்தி சொன்னதில் எனக்கு உடன்பாடே கிடையாது, ஆனால் வியாபாரக் கணக்கில் அவர் தன் ஆட்களை அவமானப்படுத்தவில்லை.

நம் ஊரில் இதை யோசிக்கும்போது தனிஷ்க் விளம்பரம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. 2020 அக்டோபர். முஸ்லிம் குடும்பம், இந்து மருமகளுக்கு நம் வீட்டு வளைகாப்பு மாதிரி சீமந்தம் நடத்துகிறது. இந்தச் சடங்கு உங்கள் வீட்டில் கிடையாதே என்று அவள் கேட்க, மகளைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது எல்லா வீட்டுச் சடங்கும்தானே என்கிறார் மாமியார். அழகான விளம்பரம். ட்விட்டரில் புறக்கணிப்புக் கூச்சல் கிளம்பியதும் ஓரிரு நாளில் எடுத்துவிட்டார்கள். தனிஷ்க்கின் சொந்தக்காரர் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து உருவாக்கிய டைட்டன், ஓசூரில் ஆலை, அவ்வளவு பெரிய கம்பெனி பயப்படலாமா என்று நானும் அன்றைக்குத் திட்டினேன்தான். ஆனால் அறிக்கையில் ஊழியர்கள், கடைப் பணியாளர்களின் பாதுகாப்பை ஒரு காரணமாகச் சொல்லியிருந்தார்கள். குஜராத் காந்திதாமில் ஒரு ஷோரூம் கதவில் மன்னிப்புக் கேட்டு எழுதி ஒட்ட வேண்டி வந்தது. அந்தத் தாளை ஒட்டியவர் விளம்பரத்தை எடுத்தவரும் இல்லை, அதற்கு ஒப்புதல் கொடுத்தவரும் இல்லை.

இது எனக்கு ரொம்ப உறுத்துகிற இடம். அமெரிக்காவில் பீர் கம்பெனி நேரடியாகக் கடைக்கு விற்பது பெரும்பாலும் கிடையாது, மதுவிலக்கு முடிந்த காலத்திலிருந்து நடுவில் தனி மொத்த வியாபாரி இருக்க வேண்டும் என்று சட்டம். பட் லைட் லாரியில் போகிறவன் அந்த மொத்த வியாபாரியின் ஆள், உள்ளூர்க்காரன். தலைமையகம் எடுத்த முடிவுக்குப் பெட்ரோல் பங்க்கில் வசவு வாங்கியது அவன்தான், கமிஷன் குறைந்ததும் அவனுக்குத்தான். கம்பெனி அந்த ஊழியர்களுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி பீர் இலவசமாகக் கொடுத்தது. எந்த பீர்? பட் லைட்! லைன் போனவர்களுக்கு இந்தத் தமாஷ் புரியும். மாத விற்பனை இலக்கை எட்டாமல் போனால் ஏரியா மேனேஜர் நம் தலையில் கட்டுவதும் விற்காத அதே சரக்கைத்தான்.

எல்லாப் புறக்கணிப்பும் பலிக்கும் என்றும் இல்லை. 2019 ஹோலி சமயத்தில் சர்ஃப் எக்செல் விளம்பரத்தில் ஒரு சின்னப் பெண் சைக்கிளில் தெருவெல்லாம் சுற்றி, எல்லோரிடமும் உள்ள வண்ணத்தைத் தன் மேல் அடிக்கவைத்துத் தீர்த்துவிட்டு, தன் முஸ்லிம் நண்பனை வெள்ளை உடை கறைபடாமல் மசூதிக்குக் கொண்டுபோய் விடுவாள். வழக்கம்போலக் கூச்சல். கோபத்தில் சிலர் மைக்ரோசாஃப்ட் எக்செல் செயலிக்குப் போய் ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டு வந்தார்கள். கம்பெனி விளம்பரத்தை எடுக்கவில்லை. நாலு வருடத்தில் சர்ஃப் எக்செல் ஆண்டுக்கு நூறு கோடி டாலர் விற்கிற பிராண்டாகிவிட்டது.

ஒதுங்கி வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பிக்கலாமா என்றால் அதுவும் நிச்சயமில்லை. 2017-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில் மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று நம் வணிகர் சங்கங்கள் முடிவெடுத்தபோது அந்த இரண்டு கம்பெனியும் ஜல்லிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தாமிரபரணித் தண்ணீர்க் கோபம் ஏற்கெனவே இருந்தது, அது வந்து சேர்ந்துகொண்டது. கோலா கம்பெனி கொடுத்த பிரிட்ஜுக்குள்ளேயே பொவோண்டோவை அடுக்கி விற்ற கடைகளை நான் பார்த்தேன். ஆனால் அது கடைக்காரர்கள் எடுத்த முடிவு, குடிக்கிறவன் பழக்கத்தை விடவில்லை. கொஞ்ச நாளில் பழைய பாட்டில்கள் திரும்பிவிட்டன.

பின்வாங்குவதே தப்பு என்று நான் சொல்வதாக யாராவது எடுத்துக்கொள்ளக் கூடும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் சொமேட்டோ, சுத்த சைவக்காரர்களுக்குத் தனி டெலிவரி ஆட்கள், அவர்களுக்குப் பச்சைச் சட்டை, பச்சைப் பெட்டி என்று அறிவித்தது. சைவம் என்பது நம் நாட்டில் வெறும் சாப்பாட்டு விஷயமா என்ன? உடனே பலர் கேட்டார்கள்: அப்படியானால் சிவப்புச் சட்டைக்காரனை அபார்ட்மெண்ட் கேட்டில் நிறுத்தி "அசைவமா, உள்ளே வராதே" என்பார்களே? கம்பெனியின் அன்றைய தலைமை அதிகாரி தீபிந்தர் கோயல் ஒரே நாளில் பச்சைச் சட்டையைக் கைவிட்டு எல்லோருக்கும் சிவப்புதான் என்றார். சேவை இருக்கும், உடையில் வித்தியாசம் இருக்காது, இல்லாவிட்டால் டெலிவரி ஆட்களுக்குப் பாதுகாப்பில்லை என்று காரணத்தையும் நேராகச் சொன்னார். இந்தப் பல்டியில் எனக்கு வருத்தமே இல்லை, தெருவில் நிற்கிற ஆளை நினைத்து அடித்த பல்டி.

இவ்வளவு எழுதிவிட்டு நான் எதைப் புறக்கணிக்கிறேன் என்று கேட்பீர்கள். பீர் குடிப்பதில்லை, அதனால் அந்தச் சண்டையில் நான் இல்லை. வீட்டில் சர்ஃப் எக்செல்தான் வாங்குகிறோம், அதுவும் அந்த விளம்பரத்துக்காக இல்லை, காலர் அழுக்கு போகிறது.